முதுகெலும்பு நலமும் நமது அன்றாட வாழ்வும்

காரைக்கால் பகுதியில் நடவுக் காலத்தில், வயலில் வரிசையாகக் குனிந்து நாற்று நடும் பெண்டிரை நாம் கண்டிருக்கிறோம். கடற்கரைக் குப்பங்களில் மீன்கூடை சுமப்போரையும், கடைத்தெருவில் நாள் முழுதும் கணக்கேட்டின்மேல் கவிழ்ந்திருப்போரையும் அறிவோம். தொழில்கள் வேறு, ஆயினும் மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவது அனைவர்க்கும் பொது. "வயதானால் முதுகு வளையத்தானே செய்யும்" என்று இல்லங்களில் இதனைப் பொறுத்துக்கொள்கின்றனர். இக்கூற்று முழு உண்மையன்று என்பதை உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுகெலும்பின் அமைப்பு

பிறக்கும்போது நம் முதுகெலும்பில் 33 எலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 ஆகியவை தனித்தனியே நிற்க, கீழுள்ள 9 எலும்புகள் வளர்ச்சியில் இணைந்து இரண்டாகின்றன. எனவே வளர்ந்தவர்க்கு எண்ணிக்கை 26 ஆகும். எலும்புகளுக்கிடையே அதிர்ச்சி தாங்கும் மெத்தைபோல் 'டிஸ்க்' எனப்படும் தட்டுகள் அமைந்துள்ளன. இவற்றின் நடுவே தண்டுவடம் செல்கிறது.

பரவலாகக் காணும் நோய்கள்

1. தட்டு பிதுங்குதல்: குனிந்தபடியே உடலைத் திருப்பிச் சுமை தூக்குகையில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தக்கூடும். இடுப்பிலிருந்து கால்வரை மின்னல்போல் பரவும் இவ்வலி 'சயாட்டிகா' எனப்படும். பெரும்பாலோர்க்கு இது சில வாரங்களில் அறுவைச் சிகிச்சையின்றியே தணியும். நெடுநாள் படுத்தே கிடப்பது தசைகளைத் தளர்த்துமாதலால், இயன்ற அளவு நடமாடுதலே நன்று.

2. ஸ்பாண்டிலோசிஸ்: எலும்பு மூட்டுகளும் தட்டுகளும் தேய்வதால் கழுத்திலும் இடுப்பிலும் விறைப்பும் வலியும் தோன்றும்.

3. ஆஸ்டியோபோரோசிஸ்: எலும்பின் அடர்த்தி குறைந்து அது நொய்ந்துபோகும் நோய். சிறு தடுமாற்றத்திலும் முதுகெலும்பு நொறுங்கிக் கூன் விழும். மாதவிடாய் நின்ற பெண்களை இது மிகுதியாகத் தாக்கும். பாட்டியரின் கூனலுக்குப் பலவேளை காரணம் முதுமையன்று, இந்நோயே.

எலும்பு ஒரு சேமிப்பு

ஏறத்தாழ 30 வயது வரை எலும்பு வலுவைச் சேர்த்துக்கொள்கிறது. பின்னர் மெல்லச் செலவிடுகிறது. இளமையில் சேர்த்தவரே முதுமையில் நிமிர்ந்து நிற்பர். ஆதலின் கால்சியமும் வைட்டமின் டி-யும் நம் பெண்மக்களுக்குச் சிறுவயது முதலே வேண்டும்.

பெரியவர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தது. புலால் நீத்த நம் உணவிலேயே இதனைப் பெறலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உள்ளது. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 240 உள்ளது. அகத்திக்கீரை, முருங்கைக்கீரை, எள், தயிர் ஆகியனவும் துணையாகும். உடல் ஒரே வேளையில் சிறிதளவு கால்சியத்தையே நன்கு ஏற்கும். எனவே இரவுண்ணாமை காக்கும் இல்லங்களில், காலை, நண்பகல், மாலை எனப் பகலுணவிலேயே இதனைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். ஊறுகாய், அப்பளம் முதலியவற்றின் மிகையுப்பு கால்சியத்தைச் சிறுநீர்வழி வெளியேற்றும்.

வைட்டமின் டி-யைத் தருவது வெயில். காலை இளவெயிலில் அதற்குரிய கதிர் மிகக் குறைவு. கடற்கரை வெயில் கடுமையாயினும், முற்பகல் 11 மணிக்குமேல் கை, கால்களில் சிறிது நேரம் படுவதே பயன் தரும்.

விலக்க வேண்டியவை

புகையும் மதுவும் எலும்பை அரிப்பன. புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் மதுவின் விலை அண்டைத் தமிழகத்தினும் குறைவென்பதை அனைவரும் அறிவர். மலிவாகக் கிடைப்பதனாலேயே நம் இளைஞர்க்கு விழிப்பு மிகுதியும் தேவை. மது விலக்கு நமக்கு அறம் மட்டுமன்று, எலும்பு நலமுமாகும்.

சுமை தூக்குகையில் இடுப்பை வளைக்காது முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு ஒட்டி எழுப்புக. நடவு செய்வோரும் கடையில் அமர்வோரும் அரைமணிக்கொருமுறை நிமிர்ந்து நடக்க வேண்டும். நாள்தோறும் நடைப்பயிற்சி எலும்புக்கு வலிமை தரும். தீபங்குடி, மன்னார்குடி ஜினாலயங்களில் தீர்த்தங்கரர் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் திருக்கோலம், முதுகைச் செவ்வையாக வைத்தலை நமக்கு நினைவூட்டுவதாகக் கொள்ளலாம்.

எச்சரிக்கை

காலில் வலுக்குறைவு, சிறுநீர், மலம் அடக்க இயலாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல் ஆகியவை தோன்றின், ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனையை அடைய வேண்டும். காய்ச்சலும் உடல் மெலிவும் கூடிய முதுகுவலி, முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். காரைக்காலில் அரசு பொது மருத்துவமனை உள்ளது. 2016 முதல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரியும் நடைபெறுகிறது.

அறம் செய்தற்குக் கருவி உடலேயாம். அதன் தூணாகிய முதுகெலும்பைக் காத்தல் நம் ஒவ்வொருவர் கடமையுமாகும். இன்றே நம் இல்லத்து மூதாட்டியரின் முதுகு எவ்வாறுள்ளது என்று பரிவுடன் நோக்குவோம்; நம் பெண்மக்களின் உணவையும் நோக்குவோம்.