சைலன்சரும் அண்டை வீட்டார் உரிமையும்



லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசங்களில் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் ஒன்று. மனிதக் குரலுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், சைலன்சரை மாற்றி வண்டியை அலறவிடுவதை என்னவென்று சொல்வது?

கம்பெனி சைலன்சருக்குள் உள்ள தடுப்புகள் இன்ஜினின் வெடிச்சத்தத்தைத் தணிக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் சத்தம் அப்படியே தெருவில் இறங்குகிறது. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு, பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி, வாகன ஒலி வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. லைசென்ஸும் 3 மாதம் பறிபோகும்.

சென்ற மாதம் மாற்று மதப் பெரியவர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். "உங்க பிள்ளைங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்க பாய். ராத்திரி அந்தச் சத்தத்துல என் வீட்டுக்காரம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எழுந்துடுறாங்க" என்றார். போலீசுக்குப் போகாமல் நம்மிடம் வந்தார். அந்த நம்பிக்கைக்கு முன் நாம் தலைகுனிந்தோம்.

யாருடைய தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறவில்லையோ, அவர் உண்மையான முஃமின் அல்லர் என்பது நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. அண்டை வீட்டார் எந்த மார்க்கத்தவர் என்று அதில் பிரிவில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்போர் நிறையும் ஊர் இது. தெருவில் நடப்பவருக்கும் நம்மீது உரிமை உண்டு.

பெற்றோர்களே, இந்த ஜும்ஆவுக்கு முன் பிள்ளையின் வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து கேளுங்கள். மாற்றிய சைலன்சர் இருந்தால் பழையதைப் பொருத்தச் சொல்லுங்கள். ஃபஜ்ருக்கு வருவோரும் தெருமுனை வரை ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் வாருங்கள். தொழுகைக்கு வரும் வழியில் பிறர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

அல்லாஹ் நம் அனைவரையும் பிறருக்கு நிம்மதி தருவோராக ஆக்குவானாக, ஆமீன்.