வெளிநாட்டு டெலிபோன் நம்பர்: வியாபாரிகள் அறிய வேண்டியவை



கேமரன் மலைத் தேயிலை இன்று கடைக்கு வருவோருக்கு மட்டும் விற்கப்படுவதில்லை. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் சிறு கடை வைத்திருப்போரும் இணையத்தின் வாயிலாக ஆர்டர் பெற்று வெளிநாடுகளுக்குப் பார்சல் அனுப்பலாம். ஆனால் விலாசம் சரியாக இருந்தும் டெலிபோன் நம்பர் பிழையானால், சுங்கத்தில் சரக்குத் தங்கும்போது வாங்கியவரை அழைக்க வழியில்லை. பார்சல் திரும்பினால் நஷ்டம் நம்முடையது. ஆகவே நம்பரைப் படிக்கும் முறையை நாம் ஒழுங்காக அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் நம் ஊர் நம்பரையே எடுத்துக்கொள்வோம். பகாங்கின் பெரும்பகுதிக்கு வட்டாரக் குறியெண் 09. கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்ததாயினும், நமக்கு வழங்குவது பேராக்கிற்குரிய 05. தானா ராத்தாவில் 05-491 என்று தொடங்கி, மேலும் நான்கு இலக்கங்கள் வரும் நம்பர்கள் உண்டு. முன்னால் நிற்கும் பூஜ்யம் உள்நாட்டு அழைப்புக்கு மட்டும் உரியது. வெளிநாட்டாருக்குக் கொடுக்கும்போது அதை நீக்கி, மலேசியாவின் குறியெண் 60-ஐச் சேர்த்து, +60 5 491 என்று தொடங்க வேண்டும்.

நம்மில் பலர் +6 என்று எழுதி 05-ஐ அப்படியே ஒட்டுவர். இலக்கங்கள் தற்செயலாகச் சரியாகவே அமைந்துவிடும். ஆனால் பூஜ்யத்தை நீக்க வேண்டியதில்லை என்ற தவறான பாடம் மனத்தில் பதிந்துவிடுகிறது. அதே வழக்கத்தில் இலங்கை நம்பரை +94 07 என்று எழுதினால் அழைப்புப் போகாது. +94 7 என்பதே சரி.

நாட்டுக் குறியெண் இல்லாத நம்பர் நம்மை ஏமாற்றிவிடும். 07 என்பது மலேசியாவில் ஜொகூரின் குறியெண். இலங்கையிலும் பிரிட்டனிலும் கைத்தொலைபேசி எண்கள் 07 என்றே தொடங்கும். நமது 05-ஐப் போலவே ஐக்கிய அரபு நாடுகளின் கைத்தொலைபேசி எண்களும் 05 என்று தொடங்குகின்றன. ஆகவே எந்த நாடு என்பதை ஊகிக்கலாகாது. ஆர்டர் பெறும்போதே கேட்டறிய வேண்டும்.

சில நாடுகளின் குறியெண்கள்: இந்தியா 91, இலங்கை 94, சிங்கப்பூர் 65, பிரிட்டன் 44, ஐக்கிய அரபு நாடுகள் 971. சிங்கப்பூர் நம்பருக்கு எட்டே இலக்கங்கள். நீக்குவதற்குப் பூஜ்யமே இல்லை. இத்தாலி ஒரு விலக்கு: அங்கே வீட்டு டெலிபோன் எண்ணின் பூஜ்யத்தை +39-க்குப் பின்னும் விடாமல் எழுத வேண்டும்.

+ குறி, வெளிநாட்டை அழைக்கும் முன்னெண்ணுக்குப் பதிலாக நிற்பது. அந்த முன்னெண் மலேசியாவில் 00, அமெரிக்காவில் 011. நமக்கோ 011 ஒரு கைத்தொலைபேசி எண்ணின் தொடக்கம்! ஆகவே + குறியிட்டு எழுதுவதே எங்கும் பொருந்தும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை:

1. ஒவ்வொரு நம்பரையும் +, நாட்டுக் குறியெண், பிறகு எஞ்சிய இலக்கங்கள் என்ற ஒரே முறையில் பதிவு செய்க.

2. குறியெண் உட்பட மொத்தம் 15 இலக்கங்களுக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச விதி.

3. கணினிப் பேரேட்டில் நம்பரைத் தொகைபோல் பதிந்தால் முன்பூஜ்யமும் + குறியும் மறைந்துவிடும். அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வகையாக அமைத்துக்கொள்க.

4. பார்சல் கட்டுமுன் ஒருமுறை அந்த நம்பருக்குச் செய்தி அனுப்பிப் பதில் பெறுக. அதற்காகும் ஒரு நிமிடம், திரும்பி வரும் பார்சலின் செலவைத் தடுக்கும்.