குழந்தைகளின் இருமலுக்குக் கைமருந்து

மார்கழிப் பனி இறங்கியதும், தாயுடன் வயலுக்கும் களத்துக்கும் செல்லும் குழந்தைகளுக்கு மூக்கொழுகலும் இருமலும் தொடங்கிவிடுகின்றன. சாதாரணச் சளி வைரஸ் கிருமியால் வருவது. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஏழு, எட்டு நாள்களில் அது தணியும். இருமல் மட்டும் இரண்டு வாரம் வரை இருக்கலாம். கைமருந்து சளியைப் போக்குவதில்லை. தொண்டைக்கு இதமளித்து, குழந்தையைத் தூங்க வைக்கிறது. அதுவே பெரிய உதவிதான்.

1 வயது நிறைந்த குழந்தைக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். இரண்டு மூன்று துளசி இலை போட்டுக் காய்ச்சிய நீரை ஆறவைத்து, அதில் கலந்தும் தரலாம். பனங்கற்கண்டு சேர்த்த வெதுவெதுப்பான பாலும் நல்லது.

1 வயது நிறையாத குழந்தையின் நாவில் தேனைத் தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் நுண்ணுயிர் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து, நஞ்சை உண்டாக்கி, கை கால்களைத் துவளச் செய்யும். தேனைச் சூடாக்கினாலும் இவை சாவதில்லை. 'நம் பெட்டியில் எடுத்த சுத்தமான தேன்தானே' என்று தேனீ வளர்ப்போரும் எண்ணிவிடக் கூடாது.

6 மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எந்தக் கஷாயமும் வேண்டாம். மூக்கடைப்பால் பால் குடிக்கத் திணறினால், ஒரு தம்ளர் காய்ச்சி ஆறிய நீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, மூக்கில் இரண்டு சொட்டு விட்டுத் துடைக்கவும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதை அறவே நிறுத்த வேண்டும். அது நுரையீரலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

வேலியோரத்து ஆடாதொடையைச் சாதாரண இலை என்று நினைக்க வேண்டாம். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் புரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்தே உருவாயிற்று. அளவு தெரியாமல் சிறு குழந்தைக்குப் பிழிந்து ஊற்றுவது தவறு.

கடையில் தாமாக இருமல் மருந்து வாங்குவதும் ஆபத்து. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். 2 வயதுக்குட்பட்டோருக்கு இம்மருந்துகள் கூடாது என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது.

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பார்க்கவும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, இரவானாலும் காத்திராமல் 108-ஐ அழைக்கவும்.