பருவம் அறிந்து நடத்தும் பசுமைக்குடில்

மார்ச் 31 வங்கியில் பணியாற்றுவோர் எவரும் மறவாத நாள். ஆண்டிறுதிக் கணக்கை முடித்து வீடு திரும்பும்போது பெரும்பாலும் நள்ளிரவு ஆகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு நாளில், பெங்களூரில் எங்கள் வீட்டின் பின்புறம் அமைத்திருந்த சிறு பசுமைக்குடிலின் பக்கத்திரைகளைத் திறந்துவிடாமலேயே காலையில் கிளைக்குப் புறப்பட்டுவிட்டோம். மறுநாள் விடிந்ததும் சென்று பார்த்தபோது, இரண்டு குழித்தட்டுகளில் முளைத்து நின்ற கத்தரி, மிளகாய் நாற்றுகள் அனைத்தும் வெந்து சாய்ந்திருந்தன. நோயும் தாக்கவில்லை, பூச்சியும் தாக்கவில்லை. மூடிய குடிலில் ஒரு பகல் வெயிலே அவற்றை முடித்துவிட்டது.

அந்த இழப்பு எங்களுக்கு அடிப்படையான ஒரு பாடத்தைக் கற்பித்தது. குளிர்மிகுந்த நாடுகளில் வெப்பத்தைச் சேமிப்பதற்காகத் தோன்றியதே பசுமைக்குடில். நம் நாட்டிலும் லடாக் போன்ற இடங்களில் அதன் பணி அதுவே. அங்கே வடபுறம் கனமான மண்சுவரும் தென்புறம் சூரியனை நோக்கிய பாலித்தீன் தாளுமாகக் குடில் அமைத்து, பகலில் வாங்கிய வெப்பத்தை இரவுக்குக் காக்கிறார்கள். தக்காணத்திலும் சமவெளியிலும் வாழும் நமக்கோ நிலைமை வேறு. தாளின் ஊடே நுழையும் ஒளி மண்ணையும் செடியையும் சுட்டு, அவை காற்றைச் சூடாக்குகின்றன. வெளியேற வழியின்றி அந்தக் காற்று உள்ளேயே தங்குகிறது. எனவே எதை அடைப்பது என்பதைவிட, எதை எப்போது திறப்பது என்பதே நமக்கு முதன்மையான கேள்வி.

அமைக்கும்போதே கவனிக்க வேண்டியவை

எங்கள் குடில் 10 அடி அகலமும் 20 அடி நீளமும் கொண்டது. ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு உதவ இவ்வளவு போதும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களை 2 அடி ஆழத்தில் கான்கிரீட் இட்டு நிறுத்துவது நல்லது. கூரைக்குப் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் தாள் ஏற்றது. தாள் குழாயின்மேல் படியும் இடங்களில் வெள்ளை வண்ணம் பூசிவிட்டால், இரும்பின் சூட்டால் தாள் விரைவில் நைந்துபோவதைத் தடுக்கலாம்.

பக்கவாட்டில் பூச்சிவலையும், அதன்மேல் சுருட்டி ஏற்றி இறக்கக்கூடிய திரையும் வேண்டும். சூடான காற்று மேல்நோக்கிச் செல்வதால் கூரையின் உச்சியிலும் ஒரு திறப்பு தேவை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசும் ஊர்களில் அந்தத் திறப்பு கிழக்கு நோக்கி அமைந்தால், காற்று கூரையைத் தூக்காது, மழைச்சாரலும் நுழையாது.

கோடை: மார்ச் முதல் மே வரை

50 விழுக்காடு நிழல்வலையைக் கூரைக்கு மேலே, ஓரடி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். உள்ளே கட்டினால், வெயில் தாளைக் கடந்து குடிலுக்குள் வந்த பிறகே தடுக்கப்படும்; வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். பக்கத்திரைகள் இரவும் பகலும் திறந்தே இருக்கலாம். உள்ளே செடியின் உயரத்தில் ஒரு வெப்பமானி தொங்கட்டும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் செயலிழந்து பூக்கள் உதிரத் தொடங்கும். உலர்ந்த நண்பகலில் நடைபாதையில் நீர் தெளித்தால், அது ஆவியாகும்போது உள்ளிருக்கும் காற்று சற்றுக் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் இம்முறை பயன் தராது.

இப்பருவத்தில் கீரை வகைகளோடு நிறுத்திக்கொண்டு, ஒழிந்திருக்கும் பாத்திகளைத் தூய்மை செய்வது சிறந்தது. பாத்தியை நன்கு நனைத்து, ஒளி புகும் மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, 4 முதல் 6 வாரம் விட்டுவிட வேண்டும். மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளையும் நூற்புழுக்களையும் களை விதைகளையும் அந்த வெப்பம் பெருமளவு அழித்துவிடும். நாற்றுகளைக் கொன்ற அதே வெயில் இங்கே நமக்குப் பணியாளாகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் கர்நாடகத்தில் பெய்யும் மாம்பழ மழை சூறைக்காற்றோடு வரும். அதற்கு முன்பே தாளின் கட்டுகளையும் கிழிசல்களையும் சரிபார்த்துவிட வேண்டும்.

மழை: ஜூன் முதல் அக்டோபர் வரை

வானம் மூடியிருக்கும் மாதங்களில் நிழல்வலை தேவையில்லை. அதைக் கழற்றி மடித்து வைக்கலாம். இப்போது நாம் அஞ்ச வேண்டியது ஈரத்தை. நாற்றழுகலும் சாம்பல் நோயும் நெருக்கமான செடிகளிடையே எளிதில் பரவும். எனவே இடைவெளி விட்டு நடுவதும், மண்ணைத் தொடும் அடி இலைகளை நீக்குவதும், சொட்டுநீர் முறையில் காலையில் மட்டும் பாய்ச்சுவதும் அவசியம். சாரல் அடிக்கும்போது திரைகளை இறக்கினாலும் மேற்பகுதியில் ஓரடி இடைவெளி இருக்கட்டும். குடிலைச் சுற்றி ஒரு சிறு வடிகால் வெட்டினால் வேரில் நீர் தேங்காது.

இப்பருவம் ஒரு வரவையும் தருகிறது. 200 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 185 லிட்டர் நீர் விழும். கூரையோரத்தில் ஒரு தகரவாய்க்காலும் தொட்டியும் அமைத்தால் அதைச் சேமிக்கலாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரைப் போல் இது சொட்டுவான்களை அடைக்காது.

குளிர்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை

ஆண்டு முழுவதும் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைக்கும் காலம் இது. தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி ஆகியவை செழிக்கும். மழையில் படிந்த பாசியையும் தூசியையும் மென்துணியால் துடைத்துவிட்டால் குறைந்த வெயிலும் முழுமையாக உள்ளே வரும். மாலை 5 மணிக்குத் திரைகளை இறக்கி, காலை 8 மணிக்கு ஏற்ற வேண்டும். தாமதித்தால் தாளின் அடியில் திரண்ட பனிநீர் இலைகளில் சொட்டி நோயை வரவழைக்கும்.

வலையடைத்த குடிலுக்குள் தேனீக்கள் வருவதில்லை என்பதையும் மறக்கலாகாது. பூத்த தக்காளிக் கொடிகளைக் கட்டிய கயிற்றைக் காலை 9 மணிக்கு மேல் மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். வெள்ளரியில், மகரந்தச் சேர்க்கையின்றியே காய்க்கும் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தக்காளியில், பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ரகம் இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கக்கூடியது.

பிப்ரவரியில் காற்று உலரத் தொடங்கியதும் வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் தலைகாட்டும். மஞ்சள் ஒட்டுப்பொறிகளைத் தொங்கவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பிற ஊர்களில் வாழும் வாடிக்கையாளர்கள் இக்குறிப்புகளைத் தத்தம் வானிலைக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். சென்னையின் ஈர வெப்பத்துக்குப் பாலித்தீன் கூரையைவிட நிழல்வலைக் குடிலே பொருந்தும். மும்பையின் கனமழைக்குக் கூரைச் சரிவு கூடுதலாக வேண்டும். தில்லியின் ஜனவரி இரவுகளில் திரைகளை இறுக மூடியே ஆக வேண்டும்.

கணக்கில் எழுத வேண்டிய செலவு

குடில் அமைப்போர் பலரும் தொடக்கச் செலவை மட்டுமே கணக்கிடுகின்றனர், தேய்மானத்தை மறந்துவிடுகின்றனர். கூரைத்தாளின் ஆயுள் ஏறத்தாழ 3 ஆண்டுகளே. அது கிழியும்போது கையில் பணமில்லாமல், நல்ல இரும்புச் சட்டம் வெறுமனே துருவேறி நிற்பதை நாம் பல வீடுகளில் காண்கிறோம். தாளை மாற்ற 7,200 ரூபாய் ஆகும் எனக் கொள்வோம். 36 மாதங்களுக்கு மாதம் 200 ரூபாயைத் தொடர் வைப்பில் செலுத்திவந்தால், உரிய நாளில் அத்தொகை வட்டியோடு கைக்கு வரும். விற்பனைக்காகப் பெரிய அளவில் குடில் அமைக்க எண்ணுவோர், 2014-15 முதல் நடைமுறையில் உள்ள ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் மானியம் குறித்து, கட்டுமானத்தைத் தொடங்கும் முன்பே மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரித்தறிவது நலம்.

அன்றாடம் செலவழிக்க வேண்டிய நேரம் கால் மணிக்கு மேல் இல்லை. ஆனால் அந்தக் கால் மணி நாள் தவறாமல் அமைய வேண்டும். இப்போதெல்லாம் மார்ச் 31 அன்று நாங்கள் கிளைக்குப் புறப்படும் முன் செய்யும் முதல் வேலை, பக்கத்திரைகளைச் சுருட்டி மேலே கட்டுவதுதான்.