சிவனொளிபாத மலை: எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவது?

மலையடிவாரத்து நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கூட்டம் போகிறதே என்று இராத்திரி பத்து மணிக்கே ஏறிவிடுகிறவர்கள் பலர். இரண்டு மணிக்கெல்லாம் உச்சிக்குப் போய், வியர்வையில் நனைந்த சட்டையோடு 2,243 மீற்றர் உயரத்துக் காற்றில் விடியும்வரை நடுங்குகிறார்கள். சூரியன் வரும்போது நின்று பார்க்கத் தெம்பிருக்காது. மலையில் பிந்திப் போவதைப் போலவே முந்திப் போவதும் பிழைதான்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். படிகள் நெடுக மின்விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். இந்த மாதங்களிலும் போயா தினங்களையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் உச்சிக்குக் கீழே வரிசை அசையாமல் நின்றுவிடும்; எந்தக் கணக்கும் பலிக்காது. மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் ஒரு வார நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது உதய நேரம். ஜனவரிக் கடைசியில் சூரியன் 6.20 தாண்டித்தான் எழும். மே மாதத்தில் 5.50ஐ ஒட்டியே எழுந்துவிடும். இந்த அரை மணி வித்தியாசத்தைக் கவனியாமல் யாரோ சொன்ன நேரத்தை நம்பிப் போய் ஏமாறுகிறவர்கள் உண்டு. கைபேசியில் அன்றைய தேதிக்குரிய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வானம் நிறம் மாறத் தொடங்குவது உதயத்துக்கு வெகு முன்பே. பார்க்கத் தகுந்ததில் பாதி அந்தக் கருக்கலில்தான் இருக்கிறது.

இனிக் கணக்கை மேலிருந்து கீழே போடுங்கள். உதயம் 6.20 என்றால் 5.40க்கு உச்சியில் இருக்க வேண்டும். நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற்றம். படிகள் ஐயாயிரத்துக்கு மேல். ஓரளவு நடந்து பழகியவருக்கு மூன்றரை மணி நேரம், வழியில் இளைப்பாற அரை மணி. ஆகவே ஒன்றரை மணிக்குக் கிளம்பினால் சரி. பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால் ஐந்து மணி நேரம் வையுங்கள். குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். வாலிபர்கள் முன்னே ஓடிவிட்டுப் பாட்டியைப் பின்னால் தனியே விடுவது பெருந்தவறு.

வழியில் வரும் சீத கங்குல வரை பாதை பெரிதாகச் சோதிக்காது. அதற்கு மேலேதான் படிகள் செங்குத்தாகும்; பலத்தை அதற்கென மிச்சம் பிடியுங்கள். அதிகம் முந்திவிட்டீர்கள் என்று தெரிந்தால் மேலே போய்க் காத்திராமல், இடையிலுள்ள கடையொன்றில் பிளேன்டீ குடித்துக்கொண்டு இருங்கள். உச்சி நல்லதண்ணியைவிட ஆறு பாகை அளவுக்குக் குளிர்ந்திருக்கும், காற்று வேறு. ஏறும்போது மெல்லிய சட்டை போதும். மாற்றுச் சட்டை, கம்பளி, தொப்பி பையில் இருக்கட்டும். உச்சியை அடைந்ததும் ஈரச் சட்டையை மாற்றுங்கள். மேலே செருப்பைக் கழற்ற வேண்டும், தரை சில்லிடும், தடித்த காலுறை எடுத்துச் செல்லுங்கள். விளக்குகள் இருந்தாலும் டார்ச் அவசியம்.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் போங்கள். வானம் தெளிந்திருந்தால், மலையின் நிழல் நேர்த்தியான முக்கோணமாக நாட்டின்மேல் விழுந்து கிடக்கும். தூரத்தில் தண்டவாளங்கள் ஒன்று சேர்வதுபோலத் தோன்றுகிறதல்லவா, அப்படித்தான் நெடுந்தூரம் நீளும் நிழலின் விளிம்புகளும் கூர்ந்து தெரிகின்றன. சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கிவிடும். சில நிமிடக் காட்சிதான்.

பார்த்தவுடன் இறங்க முண்டியடிக்காதீர்கள். களைத்த முழங்கால், ஒடுங்கிய படி, நெருக்கும் கூட்டம் மூன்றும் சேரும் நேரம் அது. அரை மணி பொறுத்து, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு இறங்குங்கள்.

அந்தி பார்க்க ஏறலாமா? முதல்முறை போகிறவருக்கு வேண்டாம் என்றே சொல்வேன். பிற்பகலில் மலையை முகில் மூடிவிடுவது வழக்கம். ஏப்ரலில் இடி மின்னலும் சேரும். தவிர, நம் பக்கத்தில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கால் வைக்கும் இடம் தெரியாமல் போய்விடும். பகலில் ஏறுகிறவர் பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கியே ஆக வேண்டும், எவ்வளவு தூரம் ஏறியிருந்தாலும் சரி. வேறு சிறிய குன்றில் அந்தி பார்ப்பதானால், பாதையின் கடினமான பகுதியை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிட முடியுமா என்று பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தின்மேல் வைத்துப் பாருங்கள்: சூரியன் ஒரு முஷ்டி உயரத்தில் இருந்தால் மறைய இன்னும் நாற்பது நிமிடம் அளவில் இருக்கிறது.

வெசாக் முடிந்தபின் டிசெம்பர் வரை படிகளில் விளக்கு எரியாது, கடைகள் மூடிக்கிடக்கும், மழையும் அட்டையும் மிகும். அந்த மாதங்களில் பாதை தெரிந்த உள்ளூர்க்காரர் துணையில்லாமல் இருட்டில் ஏறாதீர்கள்.