ஒரு நாடு, இரு திரைகள்

1954ஆம் ஆண்டு. கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரிலிருந்து 'புளூஃப் குடும்பம்' என்னும் தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பானது. கியூபெக் நகரத்து உழைப்பாளர் குடும்பம் ஒன்றின் கதை அது. நடிகர்கள் கேமராவின் முன் நேரலையாகவே நடித்தனர். வசனம் மறந்தால் மறந்ததுதான். அவ்வாறிருந்தும், அதே நடிகர்கள் அதே கதையை ஒருமுறை பிரெஞ்சு மொழியிலும் மறுமுறை ஆங்கிலத்திலும் வாரந்தோறும் நடித்துக் காட்டினர். 1959இல் அத்தொடர் முடிவுற்றது. அதன்பின் இரு மொழியினரும் ஒரே குடும்பத்தின் கதையைக் கண்டு சிரிப்பதும் கலங்குவதும் அரிதாயிற்று.

கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சிமொழிகள். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். அவருள் பெரும்பாலோர் கியூபெக் மாநிலத்தில் வாழ்கின்றனர். பெரும்பான்மையோர் மொழியில்தான் திரைப்படம் செழிக்கும் என எவரும் எண்ணக்கூடும். அங்கு நிகழ்ந்தது நேர்மாறானது.

காரணம் அண்டை நாடு. அமெரிக்காவின் ஆலிவுட் படங்கள் ஆங்கிலக் கனடாவுக்குள் மொழிபெயர்ப்பே இன்றி நுழைகின்றன. உள்ளூர்ப் படம் சிறிய முதலுடன், அதே மொழியில், அதே திரையரங்கில், அவற்றோடு போட்டியிட வேண்டும். கியூபெக்கிலோ மொழியே வேலியாக நின்று பயிரைக் காத்தது. அம்மக்கள் தம் தொலைக்காட்சியில் கண்டு பழகிய நடிகர்களைப் பெரிய திரையிலும் காணச் சென்றனர். 2004இல் வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைக் கனடாவுக்கு முதன்முதலாகப் பெற்றுத் தந்ததும் டெனி ஆர்க்கான் இயக்கிய பிரெஞ்சுப் படமே.

இரு மொழியினரையும் ஒரே அரங்கில் அமர்த்தும் முயற்சியும் நடந்தது. 2006இல் வெளிவந்த 'போன் காப், பேட் காப்' என்னும் படத்தில், ஒன்டாரியோ, கியூபெக் மாநிலங்களின் எல்லைப் பலகைமீது ஓர் உடல் கிடக்கிறது. பாதி அங்கே, பாதி இங்கே! இரு மாநிலக் காவலர்களும் இரு மொழியில் வாதிட்டுக்கொண்டே துப்பறிகின்றனர். படம் பெருவெற்றி பெற்றது. ஆயினும் வசூலில் பெரும்பகுதி கியூபெக்கிலிருந்தே வந்தது.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1970களில், திரைப்படத்தில் இட்ட முதல் முழுவதையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சலுகை அளித்தது. திரைத்துறையை அறியாதோரும் பணம் போட்டனர். படங்கள் பெருகின. ஆனால், அவற்றுள் பல, கதை அமெரிக்காவில் நிகழ்வதுபோல் காட்டி விற்பனைக்கு வந்தன. இன்றும் டொராண்டோ, வான்கூவர் நகர வீதிகள் அமெரிக்கப் படங்களில் நியூயார்க்காகவும் பிற நகரங்களாகவும் தோன்றுகின்றன. தச்சர், ஒப்பனையாளர், ஒளியமைப்பாளர் எனப் பலருக்கு அதனால் நல்ல வேலை கிடைக்கிறது. நகரம் மட்டும் தன் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை.

இப்பொழுது கியூபெக்கின் வேலியும் தளர்கிறது. கைப்பேசியில் ஓடும் இணையத் தொடர்களுக்கு எல்லை ஏது? பிரெஞ்சு பேசும் வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கிலத் தொடர்களைத் தேடுகின்றனர். 2023இல் கனடா இயற்றிய சட்டம் இணைய ஒளிபரப்பு நிறுவனங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்கள் அந்நாட்டில் ஈட்டும் வருவாயில் 5 விழுக்காட்டை உள்நாட்டுப் படைப்புகளுக்கு அளிக்க வேண்டும் என ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் ஆணையிட்டது.

இவ்விரு மொழிகளுள் அடங்காத குரல்களும் எழுந்துள்ளன. இனுவிட் பழங்குடியினரின் மொழியிலேயே உருவான 'அட்டனார்ஜுவாட்' 2001இல் கான் திரைப்பட விழாவில் விருது பெற்றது. அமிர்தசரசில் பிறந்து கனடாவில் குடியேறிய தீபா மேத்தாவின் 'வாட்டர்' என்னும் இந்திப் படம் கனடாவின் சார்பில் ஆஸ்கர் போட்டியின் இறுதிச் சுற்றை எட்டியது. கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய 'ஃபன்னி பாய்' என்னும் அவரது படத்தைக் கனடா 2020இல் அனுப்பியபோது, அதில் ஆங்கில உரையாடல் மிகுதி எனக் கூறி அப்பிரிவில் ஏற்க மறுத்தனர். அதில் ஒலித்த தமிழைக் கேட்ட தமிழர் பலரோ, அது தம் வீட்டுத் தமிழாக ஒலிக்கவில்லையே என வருந்தினர்.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: வேற்றுமொழி, பழங்குடி, திரையரங்கு.
2. கியூபெக்கில் மொழி வேலியாக நின்றது எவ்வாறு? ஐந்து வரிகளில் எழுதுக.
3. 'நகரம் மட்டும் தன் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை' – இத்தொடரின் பொருளை விளக்குக.
4. ஒரு வாரத்தில் உம் வீட்டார் காணும் நிகழ்ச்சிகளை மொழிவாரியாகப் பட்டியலிடுக. அவற்றுள் எதில் ஒலிக்கும் தமிழ் உம் பாட்டியின் பேச்சுக்கு நெருக்கமானது? அவரிடமே கேட்டு எழுதுக.