‘படையில் பணிபுரிந்ததுண்டா?’ – ஒரு வினாவும் அமெரிக்க மாநிலங்களின் தற்கொலைத் தடுப்பும்

வினாவை நன்னூலார் அறுவகையாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று கொடை வினா. ‘மாணாக்கர்க்கு ஆடை இல்லையோ?’ என்று ஒருவர் கேட்பது, இல்லையெனின் கொடுப்பதற்காக. அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள சிறு மாநிலமாகிய நியூ ஹாம்ப்சயரில் எழுந்த ஒரு வினாவைப் பற்றிப் படித்தபோது இவ்விலக்கணமே என் நினைவிற்கு வந்தது.

அந்நாட்டு முன்னாள் படைவீரருள் 2022ஆம் ஆண்டில் 6,407 பேர் தற்கொலையால் இறந்தனர் என நடுவண் அரசின் படைவீரர் நலத்துறை கணக்கிட்டுள்ளது. நாளொன்றுக்குச் சராசரியாக 17 பேருக்கும் மேல். இவர்கள் அனைவரும் போர்முனை கண்டவர் என எண்ணிவிடலாகாது. அத்துறை தனக்கென மருத்துவமனைகள் பல நடத்தியும் இத்துயரம் நீடிப்பது ஏன்? இறந்தோருள் ஏறத்தாழப் பத்தில் அறுவர், இறப்பதற்கு முந்திய அண்மைக்காலத்தில் அம்மருத்துவமனைகளை நாடியவரல்லர். அவர்கள் சென்றிருக்கக்கூடிய இடங்கள் வேறு: ஊர் மருத்துவர், வேலைவாய்ப்பு அலுவலகம், நீதிமன்றம், பிள்ளைகளின் பள்ளி. இவை மாநிலத்தின் கைக்கு எட்டியவை.

எனவே 2019இல் நடுவண் அரசு மாநில ஆளுநர்களை இப்பணிக்கு அழைத்தது. (அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்.) அரிசோனா, கொலராடோ, கன்சாஸ், மொன்டானா, நியூ ஹாம்ப்சயர், டெக்சாஸ், வர்ஜீனியா ஆகிய ஏழும் முதலில் இணைந்தன, பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. படைத்தொடர்புடையாரை இனங்காணல், அவர்கள் தனித்துவிடாமல் காத்தல், உயிர்க்கேடு விளைக்கும் கருவிகளைத் தொலைவில் வைத்தல் என்பன நோக்கங்கள்.

இனங்காணலில்தான் சொல்லின் அருமை விளங்குகிறது. ‘நீங்கள் முன்னாள் படைவீரரா?’ என்றால் ‘இல்லை’ என்போர் உளர். அது பொய்யன்று. போர்முனை காணாதவரும், தேசியக் காவற்படையில் இருந்தவரும், பெண்டிரும் அப்பெயர் தமக்குரியதன்று எனக் கருதுவதுண்டு. ஆதலின் நியூ ஹாம்ப்சயரார் வினாவை இவ்வாறு அமைத்தனர்: ‘நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ எப்பொழுதேனும் படையில் பணிபுரிந்ததுண்டா?’ பெயர் நீங்கி வினை வந்தது. பெயரை ஏற்க நாணுபவரும் செய்த பணியை மறுப்பதில்லை. குடும்பத்தாரையும் சேர்த்தது இன்னும் நுட்பமானது. கணவனின் உறங்காத இரவுகளை மனைவியன்றோ முதலில் அறிவாள்?

விடையைப் படிவத்தில் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைக்கும் எழுத்தர் வாய்ப்பின், இது கொடை வினா ஆகாது. யாரிடம் அனுப்புவது என்பதை ஊழியர் அறிந்திருத்தல் வேண்டும். 988 என்னும் தொலைபேசி எண்ணை அழைத்து 1ஐ அழுத்தினால் படைவீரர்க்கெனப் பயின்றோர் பேசும் ஏற்பாடு 2022 முதல் உள்ளது.

கருவி பற்றிய பணியே கடினமானது. இத்தற்கொலைகளுள் பத்தில் ஏழுக்கு மேற்பட்டவை துப்பாக்கியால் நேர்ந்தவை. ஆயினும் மனநெருக்கடியின் உச்சம் பெரும்பாலும் நெடுநேரம் நில்லாது. அவ்வேளையில் கருவி வீட்டில் இல்லையெனில் உயிர் பிழைக்க வழியுண்டு. துப்பாக்கி வைத்திருத்தலை உரிமையாகப் போற்றும் நாட்டில் பறிமுதல் என்ற பேச்செடுத்தால் கதவு அடைபடும். ‘சில நாள் என்னிடம் இருக்கட்டுமா?’ என்று நண்பர் கேட்கலாம். நன்னூலார் இதனைக் கொளல் வினா என்பார் போலும். நண்பர் இல்லாதார்க்கென, துப்பாக்கியைத் தற்காலிகமாக ஏற்றுக் காக்க முன்வரும் கடைகளையும் காவல் நிலையங்களையும் காட்டும் வரைபடம் ஒன்று 2019இல் கொலராடோவில் வெளியிடப்பெற்றது.